காட்டுப்பயறு

“அதத் திங்க ஏலுமா புள்ள?”

ரியாத்தில் யாரோ ஒருவருடைய குசினிக்குள் நின்றுகொண்டு உம்மா என்னிடம் கேட்டாள். நான் போனைத் திருப்பிப் பிடித்து, எங்கள் வளவின் கடல் பக்கமாகப் படர்ந்திருந்த கொடியைக் காட்டிக்கொண்டிருந்தேன். அன்றுதான் அதில் முதல் நாலு பூக்கள் விரிந்திருந்தன. உம்மாவுக்குப் பின்னால் பெரிய சட்டியொன்று கொதித்துக்கொண்டிருந்தது. திரையில் அவள் முகம் ஒரு பக்கம் மட்டும் வெளிச்சமாக இருந்தது.

ஏலாது என்று சொன்னேன். அப்படியென்றால் என்னத்துக்கு அதற்குத் தண்ணீர் சுமக்கிறாய் என்று கேட்டுச் சிரித்தாள். பதில் என்னிடம் இருந்தது. மண்ணைப் பிடித்து வைத்திருக்கிறது என்ற மூன்று சொல்தான். அது தொண்டை வரை வந்து அங்கேயே நின்றது. வீட்டுக்காரி கூப்பிட, உம்மா போனை வைத்துவிட்டாள்.

எனக்கு அது புதிதில்லை. பத்தாம் வகுப்பில் எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொன்னால் எழுத்துகள் எல்லாம் தெளிவாகத் தெரியும், சத்தம் மட்டும் வராது. பிள்ளைகள் சிரிப்பார்கள். ரீச்சர் முதலில் காத்திருந்தார், பிறகு அவரும் சிரித்தார். ஒரு திங்கட்கிழமை நான் போகவில்லை. செவ்வாயும் போகவில்லை. உம்மா அப்போதுதான் சவூதிக்குப் போயிருந்தாள், வாப்பாவுக்குச் சோறாக்க ஆள் தேவைப்பட்டது, அதனால் யாரும் என்னைப் பிடித்து அனுப்பவுமில்லை.

எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை ஒரு சூட்கேசோடு பெண் வீட்டுக்கு வருவார். எனக்கு மூத்தவள், ராத்தா இன்ஷிராவின் கலியாணத்துக்கு, சுனாமிக்குப் பிறகு வீட்டுத்திட்டத்தில் எங்களுக்குக் கிடைத்த வீட்டை அவள் பெயருக்கு எழுதினார்கள். றம்ஸீன் மச்சான் வந்தார். மற்றவர்கள் வெளியேற வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் இரண்டு அறை வீட்டில் புது மாப்பிள்ளை இருமினால் வாப்பா எழுந்து வெளியே போய் நிற்பார். மூன்று மாதத்தில் வாப்பாவும் நானும் கடற்கரை வளவில் தகரக் கொட்டில் ஒன்று போட்டுக்கொண்டு வந்துவிட்டோம். அது உம்மாவின் தாய்வழி நிலம். ஒரு வீட்டுக்குக் காணும், பத்துப் பேர்ச். சுனாமிக்கு முன் அதில் வீடு இருந்ததற்கு இப்போது கிணற்றுக்கட்டு மட்டும்தான் சாட்சி. பிறகு கொஞ்ச காலம் அங்கே ஒன்றும் கட்டக்கூடாது என்று சட்டம் இருந்தது, பிறகு சுற்றிவர எல்லாரும் கட்டினார்கள். அந்த வளவு எனக்கு. அதில் எனக்கு வீடு கட்டத்தான் உம்மா போனாள்.

படிக்காத பெண், கதைக்காத பெண். என்னைக் கேட்டு வருகிறவர்களுக்குக் காட்ட ஒரு வீடாவது வேண்டும் என்பதை வீட்டில் யாரும் ஒளித்து வைத்துக் கதைத்ததில்லை. “நீ வாயத் திறக்கத் தேவல்ல புள்ள, உனக்குச் சேத்து உன்ட செவரு கதைக்கும்” என்று ராத்தா பகிடி பண்ணுவாள்.

முதல் கொடியை நான் நடவில்லை. நாங்கள் அங்கே போன முதல் மாரியில் கடல் இரண்டு நாள் கொதித்தது. மூன்றாம் நாள் விடியப் போய்ப் பார்த்தேன். வளவின் கிழக்கு விளிம்பு முழுவதும் கத்தியால் வெட்டியது போல நேராக இறங்கியிருந்தது. ஓரிடத்தில் மட்டும் மண் ஒரு திட்டாக முன்னுக்கு நீட்டிக்கொண்டிருந்தது. அதன்மேல் ஒரு கொடி கிடந்தது. ஒரு காம்புக்கு மூன்று இலை, தடித்த இலை. வாப்பாவிடம் கேட்டேன். கரைவலை இழுத்துவிட்டு வந்து தோளில் எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தவர், அது காட்டுப்பயறு, மாடும் தின்னாது என்றார். நான் விரலால் மண்ணைக் கிளறினேன். வேர் விரல் மொத்தத்தில் கீழே போய்க்கொண்டே இருந்தது. கணுவுக்குக் கணு புதிதாக வேர்விட்டு, மண்ணுக்குள்ளால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தது. வாப்பாவின் ஆட்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நிற்பது போல இருந்தது.

அதன் பிறகு எனக்கு வேலை கிடைத்தது.

அந்தக் கொடியின் காய்கள் உள்ளங்கை நீளம். காய்ந்ததும் மத்தியான வெயிலில் தானாக முறுகிப் பிளக்கும். உள்ளே கபில நிற விதைகள், மேலே கருங்கோடு. முதலில் இருபது விதை ஊன்றினேன். பதினைந்து நாள் கழித்துத் தோண்டினால் போட்டது போட்டபடி கிடந்தன, அழுகவுமில்லை. கூழாங்கல்லை நட்டது மாதிரி. பிறகு கிணற்றுக்கட்டின் சீமெந்தில் ஒவ்வொன்றையும் தேய்த்தேன். ஒரு பக்கம் வெள்ளை தெரியும்வரை தேய்த்து, தேத்தண்ணிக்குச் சுடவைத்த தண்ணீரில் மிச்சத்தை ஆறவிட்டு அதில் ஒரு இரவு ஊறப்போட்டேன். ஆறாம் நாள் கழுத்தை வளைத்துக்கொண்டு மூன்று வந்தன, பின்னால் மற்றவையும் வந்தன. கிணற்றுத் தண்ணீர் உவர். பெரிய கொடி அதைத் தாங்கும், குஞ்சுகள் தாங்கவில்லை, எட்டுச் செத்தது. பிறகு ரோட்டுக் குழாயில் இருந்து எண்ணெய்க் கானில் நல்ல தண்ணீர் கொண்டுவந்தேன். ஆடுகள் இளந்தளிரை விடாது. வாப்பாவின் பழைய வலையைச் சுற்றிவரக் கட்டினேன். கொடி கொஞ்சம் நீண்டதும் அதைக் கடல் பக்கம் திருப்பி, கணுக்களின்மேல் மண்ணைப் போட்டு மூடி, மேலே ஓட்டுத்துண்டு வைத்தேன். மூடிய இடமெல்லாம் வேர்விட்டது.

நான் நட்டது நோன்பு மாதத்தில் பூத்தது. ஊதாவுக்கும் ரோசாவுக்கும் நடுவில் ஒரு நிறம். அந்தப் பூ தலைகீழாகப் பூக்கும். பயற்றம்பூவில் மேலே நிமிர்ந்து நிற்கிற இதழ் இதில் கீழே பாய் மாதிரி விரிந்திருக்கும். வண்டு அதில் உட்கார்ந்து முதுகால் முட்டிக்கொண்டு உள்ளே போகும். உம்மா என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டது அப்போதுதான்.

விளிம்பு நெடுக வேலிக்கம்புகள் நட்டு, மாதம் ஒரு தரம் அளந்தேன். இரண்டு மாரி போனது. கொடி இல்லாத தெற்குப் பக்கம் என் முழங்கை நீளத்துக்கு மேல் மண் போயிருந்தது. கொடி கிடந்த பக்கம் ஒரு சாண். இதையெல்லாம் பழைய விஞ்ஞானக் கொப்பியின் மிச்சத் தாள்களில் எழுதி, அரிசித் தகரத்துக்குக் கீழே வைத்திருந்தேன். வாப்பாவிடம் சொல்லியிருக்கலாம். கேட்டுக்கொண்டே தூங்கிவிடுவார். உம்மாவிடம் சொல்ல நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு அவசரமாக இருந்தது, அல்லது எனக்குச் சத்தம் வரவில்லை. தெற்குப் பக்கமும் மூடட்டும், முழுவதும் முடிந்த பிறகு காட்டலாம் என்று நினைத்தேன். அதற்குள் கொடி வடக்கு எல்லையைத் தாண்டி, வெளிநாட்டுக்குப் போனவர்கள் சும்மா விட்டிருந்த பக்கத்து வளவுக்குள்ளும் இறங்கிவிட்டது. மேற்கே கொட்டில் வாசல்வரைக்கும் வந்திருந்தது. காலை வைக்க இடமில்லாமல் நான் அதற்குள் ஒரு ஒற்றையடிப் பாதை வைத்திருந்தேன்.

உம்மா செப்ரெம்பரில் வந்தாள். நாலு வருடம். வேறு சவர்க்கார வாசனையோடு வந்து என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றாள். கைகள் சொரசொரவென்று இருந்தன. வளந்திட்டாய் என்றாள். ராத்தா வீட்டில் எல்லாருமாக இருந்து சாப்பிட்டோம், இரவு அங்கேயே பாய் விரித்துப் படுத்தோம். அடுத்த நாள் காலை எட்டு மணிக்கு மேசன் வந்து அத்திவாரத்துக்குக் கயிறு பிடிப்பதாக ஏற்பாடு. உம்மா என் பக்கத்தில் படுத்துக்கொண்டு வீட்டைச் சொல்லிக்கொண்டிருந்தாள். முன்னுக்கு ஒரு மண்டபம், வலது பக்கம் அறை, குசினி ஜன்னல் கடலுக்கு. குசினி ஜன்னல் கட்டாயம் கடலுக்கு, ஏனென்றால் அங்கே அவள் நின்ற குசினிக்கு ஜன்னலே இல்லை. நாளைக்குக் காலையில் வளவுக்குப் போனதும் கொடியைப் பற்றிச் சொல்லிவிடுவது என்று நான் நினைத்துக்கொண்டே தூங்கிப்போனேன்.

எழுந்தபோது உம்மா பக்கத்தில் இல்லை. நாலு வருடமாகச் சுபஹுக்கு முன் எழுந்து வேலை செய்த உடம்பு. தொழுதுவிட்டு, மச்சானின் மம்பட்டியை எடுத்துக்கொண்டு போனதாக ராத்தா சொன்னாள். நான் முக்காட்டைச் சரியாகப் போடாமலே ஓடினேன்.

வளவு வெள்ளையாக இருந்தது. அப்படி வெள்ளையாக நான் அதைப் பார்த்ததே இல்லை. கிழக்கு விளிம்பில் இருந்து கொட்டில்வரைக்கும் மண்ணைக் கொத்தி, வேரோடு இழுத்து, ஈர்க்குமாறால் கூட்டியிருந்தாள். வீடு கட்டப் போகிற வளவு, வருகிறவர்கள் பார்க்கிற வளவு, எங்கள் ஊரில் ஒரு புல் இல்லாமல் கூட்டிய மண்ணாகத்தான் இருக்க வேண்டும். பற்றை கிடந்தால் ஆளில்லாத குடும்பம் என்பார்கள். கூட்டிய கோடுகள் அலை அலையாக, அழகாக இருந்தன. கொடி முழுவதும் கிணற்றடியில் என் இடுப்பு உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. பூக்கள் இன்னும் வாடவில்லை. உம்மா கிணற்றுக்கட்டில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். கையெல்லாம் பச்சை. என்னைக் கண்டதும் சிரித்தாள்.

“இந்தப் பாம்புப் பத்தைக்குள்ளயா புள்ள நாலு வருசம் கெடந்த? அல்லாதான் காப்பாத்தினான்.”

நான் குவியலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தோணியடியில் இருந்து வந்த வாப்பாவும் பார்த்தார். அது புள்ள ஆசையா வளத்த செடி என்று மெல்லச் சொன்னார். உம்மாவின் முகம் கொஞ்சம் மாறியது. எழுந்து வந்து, பச்சை படாமல் இருக்கக் கையை மடக்கிக்கொண்டு, மணிக்கட்டால் என் தோளை அணைத்தாள்.

“பூவுக்குத்தான? வீடு முடியட்டும் மகள். வாசல்ல ரெண்டு பக்கமும் ரோசா வெச்சுத் தாறன், சாடியில.”

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அவள் கோபமாக இருந்திருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. அவள் அவ்வளவு சந்தோசமாக இருந்தாள். ஓம் என்று தலையை ஆட்டினேன்.

மேசன் அழகரெத்தினம் பெரியநீலாவணையில் இருந்து வருபவர். அவருடைய ஊரும் கடற்கரைதான். கயிறு பிடிக்க முதல் அவர் விளிம்பில் போய் நின்று கீழே பார்த்தார், பிறகு குவியலைப் பார்த்தார். நான் தேத்தண்ணியோடு நின்றேன். அவர் உம்மாவிடம் சொன்னார்.

“தங்கச்சி, கடப்பக்கம் கெடந்த கொடிய விட்டிருக்கலாமே. மண்ணப் புடிச்சிட்டுக் கெடந்திருக்கும்.”

உம்மா உடனே சொன்னாள்: “அண்ணன், நான் நாலு வருசம் அடுத்தவன்ட கோப்ப கழுவினது கொடியில வீடு கட்டவா? கொடி புடிக்குமா, உங்கட கொங்கிறீட்டு புடிக்குமா?”

அவரும் சிரித்தார். கொங்கிறீட்டுத்தான் புடிக்கும், நீங்க சீமெந்தக் கொறைக்காம இருந்தா, என்றார். வாப்பா சிரித்தார். மேசனின் ஆட்களும் சிரித்தார்கள். அரிசித் தகரத்துக்குக் கீழே கொப்பி இருந்தது. எடுத்துவந்து அவள் கையில் கொடுத்தால் போதும், கதைக்கக்கூடத் தேவையில்லை. இது பிறகுதான் எனக்குத் தோன்றியது. அன்று நான் தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

அடுத்து வந்த நாட்களில் குவியலில் இருந்து பச்சையாக மிஞ்சிய தண்டுகளைத் தெரிந்தெடுத்து விளிம்பு நெடுகப் புதைத்தேன். ஒக்டோபரில் ஒரு மழையும் இல்லை. கல்லும் மணலும் கொண்டுவந்த லொறி திரும்புவதற்கு அந்தப் பக்கம்தான் இடமிருந்தது. நாற்பது தண்டில் இரண்டு துளிர்த்தது. மிச்சக் குவியலை உம்மா ஒரு பின்னேரம் கொளுத்தினாள். விதைகள் நெருப்புக்குள் வெடித்தன. அத்திவாரம் எழும்பியது. கருங்கல் நாலு வரி, மேலே கம்பி கட்டிய கொங்கிறீட்டு வளையம். உம்மா ஒவ்வொரு பின்னேரமும் அதன்மேல் ஏறி நடப்பாள். இது மண்டபம், இது அறை, இது உன்ட குசினி என்று என்னையும் ஏற்றி நடத்துவாள். வெற்றுக் கற்களுக்கு நடுவில் நின்று இல்லாத ஜன்னலைத் திறந்து கடலைப் பார்ப்பாள்.

நவம்பர் கடைசியில் காற்று மாறியது. இரண்டு நாள் மழை. மூன்றாம் நாள் மத்தியானம் லுஹர் தொழுகைக்குப் பிறகு கடல் ஏறத் தொடங்கியது. கரையில் ஊரே நின்றது. போனில் பிடித்துக்கொண்டும் நின்றார்கள். நாங்கள் கொட்டிலில் இருந்த பாயையும் அரிசித் தகரத்தையும் கொப்பியையும் ராத்தா வீட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தோம். கூட்டிவிட்ட அந்த வெள்ளை மண் கரைந்த விதத்தை எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. அலை அடிக்கக்கூட இல்லை, வந்து தொட்டுவிட்டுத் திரும்பும், திரும்பும்போது பாய் அகலத்துக்கு ஒரு துண்டு மெதுவாக உட்கார்ந்துவிடும். பின்னேரம் அஸர் ஆகும்போது கிழக்கு மூலையின் கீழ் மண் இல்லை. கொங்கிறீட்டு வளையம் கல்லைக் கவ்விக்கொண்டு கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. அழகரெத்தினம் சீமெந்தைக் குறைக்கவில்லை, அது உடையவேயில்லை. முழுவதுமாக ஒரு பக்கம் சரிந்து, குசினி முதலில் போக, கடலுக்குள் இறங்கியது. வாப்பா உம்மாவின் கையைப் பிடித்திருந்தார்.

மறுநாள் வெயில். பத்துப் பேர்ச்சில் மூன்றோ நாலோ மிச்சம். கிணற்றுக்கட்டு இப்போது தண்ணீருக்குள் தனியாக நின்றது. உம்மா சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். பிறகு வடக்குப் பக்கம் போய் நின்றுவிட்டாள். பக்கத்து வளவில், அவளுடைய மம்பட்டி போகாத இடத்தில், கொடி இறங்கிப் படர்ந்திருந்த அளவுக்கு மட்டும் மண் ஒரு மேடாகக் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. அதன் முன்பக்கம் கிழிந்து, வேர்கள் வெளியே வந்து ஒன்றோடொன்று பின்னித் தொங்கின. மேலே இலை பச்சையாக இருந்தது. கடல் அதைச் சுற்றிக்கொண்டு எங்கள் பக்கம் வந்திருந்தது.

நான் உம்மாவின் பின்னால் நின்றேன். திரும்பாமலே கேட்டாள்.

“இது உன்ட கொடிதான?”

“ஓம்.”

“தெரிஞ்சா வளத்த?”

பொய் சொல்லியிருக்கலாம். பூவுக்காகத்தான் வளர்த்தேன் என்றால் அது அல்லாஹ்வின் வேலையாகப் போயிருக்கும். அன்றைக்குப் பார்த்து என் சத்தம் தெளிவாக வந்தது.

“ஓம் உம்மா.”

ஏன் சொல்லவில்லை என்று அவள் கேட்பாள், அடிப்பாள் என்று நின்றேன். அவள் குனிந்து, தொங்கிய வேர் ஒன்றைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. இன்னும் ஒரு தரம் இரண்டு கையாலும் இழுத்தாள். பிறகு விட்டுவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு, என்னைத் தாண்டி ராத்தா வீட்டுப் பக்கமாக நடந்து போனாள்.

வாப்பா எனக்காகக் கதைத்தார். கடல் எடுக்க நினைத்தால் கொடியென்ன கல்லென்ன, எல்லாம் ஒன்றுதான், போன மாரியும் இந்த மாரியும் ஒன்றா, என்று ராத்தாவிடம் சொல்வதுபோல எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். மெய்யாக இருக்கலாம். ஒரு சாண் போகிற இடத்தில் பத்துச் சாணும் போயிருக்கலாம். அளந்து பார்க்க இப்போது கம்புகளும் இல்லை. உம்மா என்னோடு கோபமாக இருப்பதாகவும் சொல்ல முடியாது. சோறு போட்டுத் தந்தாள். என் தலையில் பேன் பார்த்தாள். கதைக்க மட்டும் இல்லை. எனக்கும் அவளுக்கும் நடுவில் தேவையான கதையெல்லாம் ராத்தாவின் பிள்ளை வழியாகப் போய் வந்தது. என்னிடம் இருந்த நோய் அவளுக்கும் தொற்றிவிட்டதுபோல இருந்தது. ஒருநாள் கொப்பியை எடுத்து அவளுடைய தலையணைக்கருகில் வைத்தேன். மறுநாள் அது அரிசித் தகரத்துக்குக் கீழேயே, வைத்த மாதிரியே இருந்தது. திறந்தாளா என்று தெரியாது.

டிசம்பரில் ஏஜென்சிக்காரன் வந்தான். அதே வீடு, அதே குசினி, அவர்களுக்கு அவளுடைய கை பிடித்திருக்கிறதாம். பழையபடி ராத்தா வீட்டு முன்னறையில் வாப்பாவும் நானும், மச்சான் இருமினால் வாப்பா வெளியே. ஜனவரி பத்தாம் திகதி பின்னேரம் அஸர் தொழுகை முடிய வேன் வந்தது. விமான நிலையத்துக்கு விடிவதற்குள் போய்ச் சேர வேண்டும். உம்மா கறுப்பு அபாயாவைப் போட்டுக்கொண்டு வந்தாள். ராத்தாவைக் கட்டிப்பிடித்து அழுதாள். பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சினாள். பிரசர் குளிசையை மறக்காமல் போடச் சொல்லி வாப்பாவிடம் இரண்டு தரம் சொன்னாள். மச்சானிடம் ஸலாம் சொன்னாள். நான் கதவு நிலையில் சாய்ந்து நின்றேன். என்னிடம் வந்து, முக்காட்டுக்குள் இருந்து வெளியே வந்திருந்த என் முடியை உள்ளே தள்ளிவிட்டாள். அவளுடைய உதடு அசையும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் திரும்பி நடந்து போய் வேனில் ஏறினாள்.

சாரதி கதவை இழுத்துச் சாத்தினான். அபாயாவின் கீழ்க்கரை ஒரு முழம் அளவுக்குக் கதவில் அகப்பட்டு வெளியே தொங்கியது. யாரும் கவனிக்கவில்லை. எல்லாரும் ஜன்னலையே பார்த்துக் கையாட்டிக்கொண்டிருந்தார்கள். நான் வாயைத் திறந்தேன். வேன் கிளம்பி, வீதி முழுவதும் தேங்கிக் கிடந்த மழைத் தண்ணீருக்குள்ளால் மெதுவாகப் போனது. அந்தக் கறுப்புத் துணி தண்ணீரைத் தொட்டுத் தொட்டு, நனைந்து, பிறகு காற்றில் எழும்பி அடித்துக்கொண்டு, பள்ளிவாசல் சந்தியில் திரும்பும்வரை தெரிந்தது.